குறிப்பு: முந்நூறு எழுத்துகளுக்குள்

மஸ்கட், ரூவியில், இரண்டாம் மாடி.
கீழே பணம் அனுப்பும் கடை.
எனக்கு ஒரு நாற்காலி, ஒரு சர்வர்,
ஏசி சொட்டுவதற்கு ஒரு பெயின்ட் வாளி.

கேம்ப்பில் யாரோ கைப்பேசியில் படிவம் நிரப்பி
அனுப்பு என்பதை அழுத்தினால்
நான் எழுதிய நிரல் இங்கே விழித்துக்கொள்ளும்.
பெயரைப் பெயரின் இடத்தில் வைக்கும்.
சேர்ந்த தேதி, விலகும் தேதி,
ரியாலுக்குப் பின் மூன்று தசமம்.
இரண்டோடு நிறுத்தி ஒரு மாதம் எல்லோருக்கும்
ஐந்து பைசா குறைத்திருக்கிறேன்;
யாரும் கேட்கவில்லை, நானேதான் கண்டுபிடித்தேன்.
நான்கு நொடியில் ஒரு பிடிஎஃப்.
கணக்கு முடிந்தது என்று அதற்குப் பெயர்.

கடைசிப் பெயர் கட்டாயம் என்கிறது படிவம்.
நம்மவர்களுக்கு ஏது கடைசிப் பெயர்?
அப்பாவைக் கொண்டுவந்து கட்டத்தில் நிறுத்துவார்கள்.
ஆறுமுகநயினார் இசக்கிமுத்து.
பாஸ்போர்ட்டே எடுக்காத இசக்கிமுத்து
எட்டு வருடம் மகனோடு சாரம் ஏறியிருக்கிறார்,
காகிதப்படி.
நீளம் தாங்காமல் பெயர் கோட்டைத் தாண்டித்
தொகையின் மேல் ஏறி உட்கார்ந்தது.
எழுத்தைச் சிறிதாக்கினேன்.
அடங்கினார்கள் இருவரும்.

தாளில் எல்லாம் ஆளுக்கு ஆள் மாறும்,
ஒரு வாக்கியம் மட்டும் மாறாது:
எனக்கு வரவேண்டியதெல்லாம் வந்தது, புகார் ஏதும் கிடையாது.
அதை யாரும் நிரப்புவதில்லை.
சேர்ந்த முதல் வாரம்
மேற்கோள் குறிகளுக்குள் நான் தட்டி வைத்தது.

குறிப்பு என்று ஒரு பெட்டியும் உண்டு.
பெரும்பாலும் காலி.
ஒருவர் ஒரு புள்ளி மட்டும் வைத்து அனுப்பினார்.

நயினார் தமிழில் எழுதியிருந்தார்.
தாளில் வந்தது கட்டம் கட்டமாக,
குடிவராத கட்டடத்தின் ஜன்னல்கள் மாதிரி.
எழுத்துருவை ஏற்றினேன்.
இப்போது எழுத்து வந்தது, வரிசை வரவில்லை.
கொம்பு ஓரிடம், கால் ஓரிடம்,
முன்னே நிற்கவேண்டியது பின்னே.
அரபியை வலமிருந்து நடக்கவிட்ட எனக்கு
என் மொழியைக் கொம்பைப் பிடித்து இழுத்து
முன்னால் கட்ட
இரவு பதினொன்றே கால் ஆனது.
கொடுக்கவில்லை என்ற சொல்
அப்போதுதான் சேர்ந்து நின்றது.

ஜூலையில் பதினொரு நாள்
மதிய இடைவேளையிலும் வேலை வாங்கினார்கள்.
அதற்குக் காசு கொடுக்கவில்லை.
சூப்பர்வைசர் ஃபிராஸிடம் கேட்டால் தெரியும், நல்ல மனுஷன்.
என் ஹெல்மெட்டைப் பதினாலாம் கட்டில்காரரிடம் கொடுத்துவிட்டேன்,
அதற்குப் பிடித்தம் செய்யவேண்டாம்.

மூன்று விரற்கடை தள்ளி, கீழே,
என் வாக்கியம். புகார் ஏதும் கிடையாது.
அதற்கும் கீழே அவர் பெயர், அவர் அப்பா பெயர்.
ஒரே தாளில்.

ஒரு நிபந்தனை எழுதினேன்.
குறிப்புப் பெட்டி காலியாக இருந்தால் மட்டும்
அந்த வாக்கியத்தை அச்சிடு.
ஓர் அடைப்புக்குறி திறந்தேன், ஓர் அடைப்புக்குறி மூடினேன்.
வாளியைக் கவிழ்த்துவிட்டு அறைக்குப் போனேன்.

வியாழன் காலை கோஷி சார் தாளோடு வந்தார்.
ஜெபசீலி, இதில் ஒரு வரி விட்டுப்போயிருக்கே. பக் போல.
ஆமாம் சார்.
பார்க்கிறாயா?
பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் சார்.

அவர் போகவில்லை.
இது என்ன எழுதியிருக்கு?
வாசி, எனக்குப் பாதி புரியும்.

வாசித்தேன்.
ஜூலை புரிந்தது. பதினொன்று புரிந்தது.
கொடுக்கவில்லை என்ற இடத்தில்
கொடுத்தில்ல, என்று
தன் மொழியில் தனக்கே சொல்லிப் பார்த்தார்.
ஹெல்மெட்டுக்கு லேசாகச் சிரித்தார்,
பிறகு சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல்
வாளியைப் பார்த்தார்.

கையெழுத்துப் போடவில்லை. கிழிக்கவுமில்லை.
மடிக்காமல் எடுத்துக்கொண்டு போனார்.