பெறப்பட்டது

போர்ட் விலாவில் மழை.
கடிதத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு
சாலையைக் கடக்கிறேன்.
அமைச்சகத்திலிருந்து தூதரகத்துக்கு
நானூறு தப்படி.
இரண்டு அரசுகளுக்கு நடுவே
அவ்வளவுதான் தூரம்.

உள்ளே இருப்பது கண்டனம்.
வணக்கத்தில் தொடங்கி
உயர்ந்த மரியாதையில் முடியும்.
கும்பிடு போடாமல் சண்டை பிடிக்க
அரசாங்கங்களுக்குத் தெரியாது.

முந்தின வருஷம் “ஆழ்ந்த கவலை”.
போன வருஷம் வெறும் “கவலை”.
யாரோ ஒரு செயலாளர்
ஆழத்தை எடுத்துவிட்டிருந்தார்.
இந்தமுறை “வன்மையாக” வேண்டுமென்று
நெரியாம் இரண்டு மணி நேரம் வாதாடினான்.

அவன் அனெய்ட்யூம்காரன்.
அவன் தீவுக்கும் தெற்கே,
மலை ஏறிப் பார்த்தாலும் தெரியாத தொலைவில்
அந்த இரண்டு பாறைகள்.
ஆளில்லை. குடிக்கத் தண்ணீரில்லை.
கந்தக வாடை, பறவை எச்சம்.
முட்டை பொறுக்கப் போய்
திரும்பி வராத ஒருவன்
அவன் குடும்பக் கதையில் இருக்கிறான்.
கடிதத்தில் அவனுக்கு இடமில்லை.

நாங்கள் உமயனுப்னே, லேக்கா என்று எழுதுவோம்.
பதிலில் மாத்தியூ, ஹன்டர் என்று இருக்கும்,
பதில் வந்தால்.

கப்பல் ஒன்று போய்
புதுப் பலகை நட்டுவிட்டு வந்ததாம்.
படம் பார்த்தேன்.
பலகைமேல் ஒரு கடற்பறவை,
நாட்டின் பெயர்மேல் வெள்ளையாய் ஒழுகல்.
அமைச்சர் படத்தை இணைக்கச் சொன்னார்,
பறவையை வெட்டிவிட்டு.

தூதரகக் கண்ணாடிக்குப் பின்னால் நக்கோ.
என் அக்காள் வீட்டுக்காரரின் தம்பி.
அங்கே இருக்கும்போது மட்டும்
என்னை “மேடம்” என்பான்.
தேதி முத்திரையைத் திருகி,
வாயால் ஊதி, குத்தினான்:
பெறப்பட்டது.
இந்த ஒரு சொல்லில்
இரண்டு நாட்டுக்கும் தகராறு இல்லை.

சாயங்காலம் காவாக் கடை.
சிரட்டையைக் கவிழ்த்துத் துப்பிவிட்டு
மரத்துப்போன நாக்கால் கேட்டான்:
“லெய்வியா, இந்தமுறை வன்மையாகவா?”

“படித்தாயா?”

“கோப்பில் அடுக்குவது நான்தானே.
எல்லாம் படித்திருக்கிறேன்.
மூன்றாவதுதான் நன்றாக இருந்தது.
அலையைப் பற்றி ஒரு வரி வரும்.”

“வேறு யார் படிப்பார்கள்?”

விளக்கைச் சுற்றும் பூச்சிகளைப் பார்த்தான்.
அடுத்த சிரட்டை வந்தது.

நெரியாமிடம் இதைச் சொல்லவில்லை.
நாளைக் காலை அவன்
அடுத்த வரைவைத் தொடங்குவான்.
“வன்மையாக”வுக்கு மேலே
என்ன சொல் இருக்கிறது என்று
என்னிடம்தான் கேட்பான்.
அலையைப் பற்றிய அந்த வரி
யார் எழுதியது என்று
நானும் அவனைக் கேட்க வேண்டும்.