வெள்ளி எடை

சனிக்கிழமை முக்தியார் தராசோடு வருவான்.
எக்ஸ்ரே பிலிமில் வெள்ளி இருக்கிறதாம்,
கிலோவுக்கு இவ்வளவு என்று
நிர்வாகம் கையெழுத்துப் போட்டாயிற்று.
சிவாஜிநகர் ஆஸ்பத்திரி நிலவறையில்
அறுபது வருஷத்து எலும்புகளை
நான்தான் கட்டுக் கட்டவேண்டும்.
இரவுப் பணி. டீ ஆறி ஏடு படிந்துவிட்டது.

முதலில் கையில் வந்தது
கோதண்டபாணியின் இடக்கை.
சாப்பர்ஸ் படை, 1993, ஹெவிவெயிட்.
அல்சூர் மைதானத்தில் தண்ணீர் லாரிமேல் நின்று
இவனை நான் பார்த்திருக்கிறேன்.
விலாவுக்குக் கீழே கொக்கிபோல நுழையும் இடது.
வாங்கியவன் உடனே விழமாட்டான்.
வீட்டைப் பூட்டினோமா என்று யோசிப்பவன்போல
ஒரு கணம் நிற்பான்,
அப்புறம் உட்காருவான்.

அடுத்த கட்டில் ஞானாதிக்கம். வலக்கை. 1957.
மர்பி டவுன் கறிக்கடைகள் சிலவற்றில்
மாதா படத்துக்குப் பக்கத்தில்
இன்னும் மாலையோடு தொங்குகிற ஆள்.
கோலார் சுரங்கத்தில் துளைக்கருவி பிடித்த தோள்.
ஒரே குத்துதானாம்.
வாங்கிய சார்ஜென்ட் ஒருவன் கண் விழித்ததும்
தன் ஊர் எது என்று கேட்டானாம்.

இரண்டையும் ஒளிப்பெட்டியில் செருகினேன்.
குழல்விளக்கு மூன்று தரம் சிமிட்டி
வளையத்துக்கு வெளிச்சம் போட்டது.

"தலைக்கவசம் உண்டா இல்லியா?"
லிப்ட்காரர் தெரசநாதனுக்கு அதுதான் முதல் கேள்வி.
உண்டு என்றால் அவர் ஆளுக்குப் பழக்கமில்லை.
இல்லை என்றால் என் ஆள் சம்மதிக்கமாட்டான்.
கையுறை குதிரைமயிரா, பஞ்சா?
மூன்று சுற்றா, ஒருவன் சாயும்வரையா?
"பொத்தானை அமுக்கி பாயிண்ட் போடற கதையெல்லாம்
எங்காளுக்கு ஒத்துவராதும்மா.
படுக்க வெச்சா கெலிச்சான். அவ்ளோதான்."

சரி, அப்படியே.
கோதண்டபாணி சுற்றிச் சுற்றி வருகிறான்.
கிழவன் நடுவில் அசையாமல் நிற்கிறான்.
கிழவனுக்கு வயசு முப்பத்தொன்றுதான்,
ஆனாலும் செத்தவர்களை நாம் அப்படித்தான் சொல்கிறோம்.
இடது ஒன்று இறங்குகிறது, விலா.
கிழவன் யோசிக்கவில்லை.
வீட்டைப் பூட்டியது அவனுக்கு நன்றாக நினைவிருக்கிறது.
தெரசநாதன் ஸ்டூலை முன்னால் இழுத்துக்கொள்கிறார்.

அப்போதுதான் முறிவைப் பார்த்தேன்.
இருபத்திரண்டு வருஷம் கை படம் எடுத்தவள் நான்.
குத்துச்சண்டைக்காரனுக்கு உடைவது
ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் கீழே.
கோதண்டபாணிக்கு அங்கேதான்.
சுண்டுவிரலுக்குக் கீழே உடைவது
கோபத்தில் கையை அகல வீசுகிறவனுக்கு,
சுவரில், கதவில், இன்னும் எதிலாவது.
ஞானாதிக்கத்துக்குச் சுண்டுவிரல்.

பதிவேட்டைப் புரட்டினேன்.
எண் 2218. காரணம்: விழுந்தது.
எண் 2219. அதே தேதி, அதே தெரு.
பெயர் எழுதும் இடத்தில்
'மேற்படியாரின் மனைவி'. வயது 26. கீழ்த்தாடை.
காரணம்: விழுந்தது.

நிஜமாகவே விழுந்திருக்கலாம்.
ஒரே வீட்டில், ஒரே நாளில், இரண்டு பேர்.
மாடிப்படி ஏதாவது இருந்திருக்கலாம்.
வாரத்துக்கு மூன்று தாடை எடுக்கிறேன்,
எல்லாமே பாத்ரூமில் வழுக்கியவை.

"எந்த ரவுண்டும்மா?" என்றார் தெரசநாதன்.
நிலவறைக்குள் போய்
அவளைத் தேடி எடுக்க ஒரு மணி நேரமானது.
கோணத்தில் இரண்டாகப் பிளந்த எலும்பு.
கடைவாய்ப் பல் ஒன்று தனியே ஒதுங்கி நிற்கிறது.
தெரசநாதன் பெட்டியருகே வந்து பார்த்தார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
லிப்ட் மணி அடித்தது, போய்விட்டார்.

சனிக்கிழமை ஞானாதிக்கத்தைத் தராசில் வைத்தேன்.
முள் அசைந்ததாகத் தெரியவில்லை.
"இதோட இன்னும் நூறு போடுங்கக்கா,
அப்பத்தான் காட்டும்" என்றான் முக்தியார்.

ஒளிப்பெட்டியை அணைக்க மறந்திருந்தேன்.
கோதண்டபாணி ஒருவன் மட்டும்
இடக்கையை இறக்காமல் நின்றிருந்தான்.

பிலிமை மடித்தால் விரிசல் விழும்.
எழுபத்தைந்து லட்சம் பேர் ஏறும் ஊர்போல அன்றைக்குக் கூட்டம்,
கமர்ஷியல் ஸ்ட்ரீட்டிலிருந்து வீடுவரை
சுருட்டிய தாடையைத்
தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி
பஸ்ஸில் நின்றேன்.