வாட்டம்

இருபத்தாறு பேருக்கு ஒன்பது நிலவரைபடம்.
மடிப்பில் ஒட்டிய செல்லோடேப் பழுத்து
சிறுமலைக்குக் குறுக்கே மஞ்சளாய் ஒரு சாலை போகிறது.
அது சாலை இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுவேன்.

அடுத்து நிறம்.
வற்றாத தண்ணீருக்கு நீலம்,
வற்றிப்போகிற ஓடைக்குக் கறுப்பு.
தாளைக் கொஞ்ச நேரம் துழாவிவிட்டு
அபுதாகிர் கேட்கிறான்:
"நம்ம பக்கம் அடிக்கும்போது நீல மை தீந்துபோச்சா மிஸ்?"

பழுப்புக் கோடுகள் சம உயரம்.
ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இருபது மீட்டர்.
ஓடையைத் தாண்டும் இடத்தில் ஒவ்வொரு கோடும்
மூக்கை நீட்டி
தண்ணீர் வரும் திசையை மோந்து பார்க்கும்.
மூக்குகளை எண்ணுங்கள்.
பிறகு நூல்.
வளைவுகளில் நூல் நிற்காது,
எச்சில் தொட்டு ஒட்டுங்கள்.
வகுப்பே நாக்கை நீட்டியிருந்த நேரம்
துறைத்தலைவர் எட்டிப் பார்த்துவிட்டு
ஒன்றும் கேட்காமல் போனார்.

நூலை நிமிர்த்தி ஸ்கேலில் வை.
இரண்டு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர்.
தூரம் படுக்கையில், உயரம் நிற்கையில்.
இறங்கியதை ஓடியதால் வகுத்தால்
புத்தகத்தில் சரிவு விகிதம்.
வாட்டம், என்று நான் சொன்னதும்
கடைசி பெஞ்சில் ஒரு தலை நிமிர்ந்தது.

பேர் அச்சாகாத அந்த ஓடை
முதல் நாலு கிலோமீட்டரில் எழுநூறு மீட்டர் குதிக்கிறது.
பிறகு பாலமேட்டுப் பக்கம் வந்து
காலை நீட்டிப் படுத்துவிடுகிறது.
உயரத்தைப் பத்து மடங்கு பெருக்கிப் போடச் சொல்வேன்.
இல்லையென்றால் எங்கள் ஊர்ப் பக்கம்
எதுவும் இறங்குவதாகவே தெரியாது.

ரெக்கார்டு நோட்டுகளை மாட்டுத்தாவணி பஸ்ஸில் திருத்தினேன்.
இருபத்தைந்து ஓடைகள் ஒழுங்காய்க் கீழே இறங்கின.
பேச்சிசெல்வியின் ஓடை
கண்மாய் தாண்டி, ஒட்டுப்போட்ட தனித்தாளில்
இறங்கி, இறங்கி
ஏறியது.
சிவப்பில் வட்டம் போட்டேன்:
தண்ணீர் மேலேறாது. மறுபடி வரை.

மறுநாள் அவள் நோட்டை என் மேஜையில் விரித்தாள்.
"மேப்பு கண்மாயோட நின்னுபோச்சு மிஸ்.
எங்க காலனி அதுக்கப்புறம்தான் வந்துச்சு.
அதனால நடந்து போய் அளந்தேன்."
ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தாள் வேலைக்குப் போகிறவள்.
சைட்டிலிருந்து டியூப் மட்டத்தை இரவல் வாங்கி
ஒரு முனையைத் தம்பி பிடிக்க, மறுமுனையை இவள் பிடிக்க
மூன்று குழாய்ப் பாலம்.
ரோட்டு மேல் ரோடு போட்டுப் போட்டு
இரண்டாவது பாலத்தின் வாய்
முதலாவதைவிட ஒரு சாண் மேலே.
தாளின் ஓரத்தில் அளவுகோல் எழுதியிருந்தாள்:
ஒரு சென்டிமீட்டர் = ஒரு சாண்.

"தண்ணி ஏறாதுதான் மிஸ்," என்றாள்.
"அதான் வீட்டுக்குள்ள வந்துருது."

போட்ட சிவப்பை அழிக்க ரப்பர் கிடையாது.
வட்டத்துக்குப் பக்கத்தில் 'சரி' என்று எழுதினேன்.
கையெழுத்து நடுங்கியது பஸ்ஸில் என்று சொல்ல முடியாது,
ஸ்டாஃப் ரூமில்தான் இருந்தேன்.
வெளித்தேர்வாளர் வரும் நாளில்
அந்த ஒட்டுத்தாள் இருக்கட்டுமா, கிழித்துவிடவா
என்று கேட்டாள்.
இருக்கட்டும் என்றேன். அவர் என்ன சொல்வாரோ.
என் பதவியும் வருடாவருடம் புதுப்பிக்கிற பதவி.

அன்றிரவு
கை கழுவப் போனவள் குளியலறையில் நின்றேன்.
வாடகை வீடு, ஒன்பது வருடம்.
தண்ணீர் தூம்புவாய்க்கு எதிர் மூலையில்தான் தேங்கும்.
விளக்குமாற்றால் தள்ளித் தள்ளியே பழகிவிட்டேன்,
வீடென்றால் அப்படித்தான் போல என்று.
ஒரு மக் ஊற்றிவிட்டு
விளக்குமாற்றைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.
நிதானமாய், எந்த அவசரமும் இல்லாமல்
அது என் காலடிக்கு வந்தது.