அட்டையில் ஏழு பொட்டு

எல்கோ மோட்டலின் பின்புறம்
பீட்சா அட்டையைப் பிரித்து
வண்டிக்கடியில் விரித்துவிட்டுப் படுத்தோம்.
விடிந்தபோது ஏழு பொட்டுகள்.
சிவப்பாக இருக்க வேண்டிய கியர் ஆயில்
கடுங்காப்பி நிறத்தில்.

ஆர்லிஸ் மண்டியிட்டு முகர்ந்தாள். தீய்ந்த வாடை.
"நேற்று அந்த ஏற்றத்திலேயே நிறுத்தியிருக்கணும் நீ."
நேற்று அந்த ஏற்றத்தில்
இன்ஜின் அலறியது, சக்கரம் கேட்கவில்லை;
பின்னால் இழுவண்டியில் அவள் அப்பாவின் பியானோ.
நான் மிதித்துக்கொண்டே இருந்தேன்.
சண்டையிலும் அப்படித்தான், நான்.

இன்ஜின் ஓடட்டும் என்றாள்,
ஓடுகையில்தான் இதன் அளவு தெரியும்.
கம்பியைத் துடைத்தாள், விட்டெடுத்தாள்:
கோட்டுக்கு இரண்டு விரற்கடை கீழே.
கூலருக்குப் போகும் ரப்பர் குழாய்
முப்பது கோடையில் வெடித்திருந்தது.
நுனியை நறுக்கி, கிளிப்பை முறுக்கி,
புட்டி புட்டியாக ஊற்றினோம்,
பேசாமல்.

"பியானோவை இங்கேயே விற்றுவிடலாமா?"
நான் பதில் சொல்லவில்லை.
விலை கேட்க வந்த மோட்டல்காரர் ட்வேன்
ஒரு கட்டையை அழுத்திப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

வெயில் இறங்கிக் கிளம்பினோம்.
கோல்கொண்டா கணவாயில்
சூட்டு முள் அசைந்ததுமே,
அவள் வாய் திறக்குமுன்,
ஓரங்கட்டினேன்.
இருட்டில் ஒரு லாரி கடந்த அதிர்வுக்கு
இழுவண்டிக்குள் தந்திகள் முனகின.
"பத்து நிமிஷம்," என்றாள்.
"இருபது," என்றேன்.