மூன்று மில்லிமீட்டர்

அத்திராவில் இந்த மாதம்
பணிமனைக் கதவைத் திறந்தால்
மூச்சு முதலில் உறையும், வசவு பிறகு.
தெமிர்கான் உள்ளே வந்து
என் பவுர்சாக் தட்டை நகர்த்திவிட்டு
பிளாஞ்சை வைத்தான்.
"சவுரெஷ், இரண்டங்குலம், கிளாஸ் நூற்றைம்பது.
வந்திருக்கும் வால்வோ முந்நூறு.
நாலு துளை போதாது, எட்டு வேண்டும்.
ஏழு மணிக்கு டேங்கர் ரயில்."

சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டேன்,
குறுக்கே நூற்றிருபத்தேழு.
ஆறங்குலமென்றால் இரும்பே மறுத்திருக்கும்:
துளை விளிம்பைக் கடித்துக்கொண்டு
வெளியே போய்விடும், பேச்சுக்கே இடமில்லை.
இந்தச் சின்னது இடம்கொடுக்கிறது.
பழைய நாலுக்கு இருபுறமும்
புது எட்டும் ஒண்டிக்கொள்ளும்.
போல்ட் அதே தடிமன்.
துளைக்கு அப்பால் விளிம்பு வரை மிஞ்சுவது
மூன்று மில்லிமீட்டர்.

"பொருந்துகிறதே!"
பொருந்துகிறது. தாங்கும் என்று நான் சொல்லவில்லை.

ஒருமுறை செய்திருக்கிறேன்,
குல்சாரியில், பதினொரு வருடத்துக்கு முன்.
பன்னிரண்டு துளையோடு சல்லடையாய் நின்றது.
பக்கத்தில் பொறித்திருந்த எண்ணை அரைத்தெடுத்தேன்.
தகர டப்பாவிலிருந்து மூன்று,
பிறகு பூஜ்யம், அதே பூஜ்யம் இன்னொரு தரம்,
சுத்தியல் மூன்றே அடி.
அவர்கள் சாம்பல் வண்ணம் பூசி மாட்டிவிட்டார்கள்.

அது வெடிக்கவில்லை.
வெடித்திருந்தால் எனக்கு
ஒரு தேதி இருந்திருக்கும்.
இப்போது எல்லாத் தேதியும் அதற்கே.
வானொலியில் அந்த ஊர்ப் பெயர் வந்தால்
ஆட்டுச் சந்தை விலைதான் சொல்கிறார்கள் என்று
தெரியும்வரை தேநீர் இறங்காது.

தெமிர்கானிடம் இதைச் சொல்லவில்லை.
சரக்கறையில் துருவேறிய முந்நூறு ஒன்று கிடந்தது.
வெர்னியர் வைத்துக் கனம் பார்த்தேன்.
"பழையதை வெட்டு. இதைப் பற்றவை.
அப்போதும் உன் குழாய் நூற்றைம்பதுதான்,
தாளில் அதையும் எழுது."

"ரயில்?"
"நிற்கும்."

என் அம்மாவை, அவள் அம்மாவை,
ஐரோப்பிய வால்வுக்காரர்களை
வரிசையாகத் திட்டிக்கொண்டே
முந்நூறைத் தோளில் ஏற்றிப் போனான்.
கதவைச் சாத்தவில்லை.

மேசையில் அந்தச் சின்னது.
சுண்ண வட்டத்தைக் கையுறையால் துடைத்தேன்.
ஆறிய பவுர்சாக் ஒன்றைக் கடித்தபடி
டப்பாவைத் திறந்து பார்த்தேன்.
மூன்றின் முனை கொஞ்சம் மழுங்கியிருக்கிறது.
அன்றைக்கே அப்படியா என்று
நினைவில்லை.