அறுபத்தெட்டு

ஏப்ரல் பிறந்தும் டுலூத்தில் ஏரி இளகவில்லை.
தாது ஏற்றும் கப்பல்கள் துறைமுகத்துக்குள்
வேலையில்லாதவர்கள்போல நிற்கின்றன.
கடன் சங்கத்தின் இரண்டாம் மாடியில்
ரோண்டா டாக்கினென் கையுறையைக் கழற்றுகிறாள்,
ஒவ்வொரு விரலாக,
சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பது
பணத்தைப் பற்றிச் சொல்லி வைத்தது.
விரலே வீங்கினால் என்ன செய்வது என்று
சொன்னவர்கள் யோசிக்கவில்லை.

வயது ஐம்பத்து மூன்று.
கவுண்டி சாலைத் துறையில்
உப்பு லாரிகளை எந்தத் தெருவுக்கு
எத்தனை மணிக்கு அனுப்புவது என்று முடிவு செய்பவள்.
இருபத்தாறு பனிக்காலம்.
மாதம் இரண்டு ஊசி.
குளிர்பெட்டியில் வெண்ணெய்க்குப் பக்கத்தில் படுத்திருக்கும்.
ஒரு ஊசியின் விலைக்குத்தான்
அவள் தன் முதல் காரை வாங்கினாள்.

வேலை இருக்கும்வரை இன்சூரன்ஸ்,
இன்சூரன்ஸ் இருக்கும்வரை ஊசி,
ஊசி இருக்கும்வரை விரல்,
விரல் இருக்கும்வரை வேலை.
சங்கிலியை எந்தக் கண்ணியில் பிடித்துத் தூக்குவது?

எதிரில் ஸ்கோக்லண்ட் என்ற பையன்.
புதுச் சட்டையில் மடிப்பு இன்னும் போகவில்லை.
வரவு, செலவு, வீட்டுக் கடன், பென்ஷன்,
எல்லாக் கட்டமும் நிரம்பியாயிற்று.
கடைசிக் கட்டம்:
எந்த வயதுவரை திட்டமிட வேண்டும்?

"பொதுவா தொண்ணூத்தஞ்சு போடுவோம்."
போட்டான்.
அறுபத்தொன்பதில் பணம் தீர்ந்து
மீதி இருபத்தாறு வருஷமும் சிவப்பு.
உழைத்த அதே இருபத்தாறு.

"குறைச்சுப் பாருங்க," அவள்தான் சொன்னாள்.
எண்பத்தைந்து. சிவப்பு.
எழுபத்தைந்து. கொஞ்சம் வெளிறிய சிவப்பு.
அறுபத்தெட்டு.

திரை முழுக்கப் பச்சை.
மூலையில் வண்ணக் காகிதங்கள் சிதறின.
வாழ்த்துகள், ரோண்டா!
உங்கள் திட்டம் வெற்றி பெற்றது.

பையன் கையால் திரையை மறைக்கப் பார்த்தான்.
காது சிவந்துவிட்டது அவனுக்கு.
அவள் சிரித்துவிட்டாள், பாவம் என்று.

ஆளைக் கொல்கிற நோய் இல்லை இது
என்று டாக்டர் நல்ல சேதியாகத்தான் சொன்னார்.
கொல்லாத நோய்க்கு
மூன்று வேளையும் சோறு போட வேண்டும்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடலாம்தான்.
ஆற்றின் நீளத்தை யார் அளந்து தருவார்கள்?

வீட்டில் டுவெய்ன் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான்.
ஊறுகாய் ஜாடியை
மூடி தளர்த்தி மேசையில் வைத்திருந்தான்,
அவள் தானே திறந்ததாக இருக்கட்டும் என்று.
"என்ன சொன்னாங்க?"
"அறுபத்தெட்டில செத்துடணுமாம்."
கத்தியை நிறுத்தி யோசித்தான்.
"அப்போ கூரையை மாத்த வேண்டாம்."

கை வலிக்கும்வரை சிரித்தாள்.
எதைப் பிடித்துக்கொண்டு சிரித்தாளோ
அதை விடவும் நேரமாயிற்று.

அவன் தூங்கிய பிறகு
கூரைக்காரன் விட்டுப்போன தாளை எடுத்தாள்.
மாடி அறையில் இரண்டு வருஷமாக வாளி இருக்கிறது.
தாளில் இரண்டு வரி:
பதினைந்து வருஷ உத்தரவாதம்.
முப்பது வருஷ உத்தரவாதம்,
நாலாயிரம் டாலர் கூடுதல்.

ஐம்பத்து மூன்றும் பதினைந்தும்.
விரல் விட்டு எண்ணத் தொடங்கி
பாதியில் நிறுத்தினாள். வேண்டியிருக்கவில்லை.

பஞ்சு சுற்றிய பென்சிலை
உள்ளங்கையால் பற்றி
முப்பதைச் சுற்றி வட்டம் போட்டாள்.
கோணல் வட்டம், ஒரு பக்கம் திறந்தே கிடந்தது.

காலையில் டுவெய்னிடம் சொல்ல வேண்டும்.
நாலாயிரம் எங்கிருந்து என்று கேட்பான்.