பத்து ரூபாய்க் கொடி

டிசம்பர் ஏழு. செம்மடுவில் காப்பிப் பழமெடுப்பு.
இன்று என் பை வேறொருத்தி இடுப்பில்.
நான் முதல் பஸ்ஸில் இறங்குகிறேன்
சேலம் கலெக்டர் ஆபீசுக்கு,
ஒன்பதாவது சால்வை வாங்க.

இருபது கொண்டை ஊசி.
லீவில் வரும்போதெல்லாம்
கீழிருந்து எண்ணிக்கொண்டே ஏறுவார்.
பதினேழில் கண்ணாடியைத் தள்ளி
மூடுபனியை மோந்து
"வீடு வந்துருச்சு" என்பார்,
இன்னும் ஒரு மணி நேரம் இருக்க.

பெட்டியில் வந்த அன்று யாரும் எண்ணவில்லை.
ராணுவ லாரி நீளம்;
திருப்பத்துக்குத் திருப்பம்
பின்வாங்கிப் பின்வாங்கித்தான் ஏறியது.
பின்வாங்காதவர் என்று
கல்லில் வெட்டியிருக்கிறார்கள்.

மைக்கில் "சடையப்பன்" என்றார்கள்.
சடையன். வெறும் சடையன்.
திருத்தவில்லை, எழுந்து போனேன்.

பக்கத்து நாற்காலியில் ஓமலூர்ப் பெண்,
போன மாதம்தான்.
மடியில் போனை நிமிர்த்தி வைத்திருக்கிறாள்.
பதினொன்றுக்கு டூட்டி முடிந்து பேசுவாராம்.
மேடையில் யாரோ பேசினார்கள்.
பதினொன்று இருபதுவரை
அவளோடு நானும்
அந்தக் கறுப்புக் கண்ணாடியையே பார்த்திருந்தேன்.

சாயங்காலம் ஏற்காட்டு ஸ்டாண்டில் மகன்,
யூனிபார்மில் காகிதக் கொடி.
"எல்லாரும் பத்து ரூபா குடுக்கணுமாம்.
எனக்கு மட்டும் வேணாம்னாங்க டீச்சர்."
"அப்புறம்?"
"குடுத்துட்டேன்."

எந்தக் காசு என்று கேட்கவில்லை.
குண்டூசி கோணலாகக் குத்தியிருந்தது.
கழற்றி நேராக்கினேன், சால்வையைப் பிரித்து
அவன் தலையோடு போர்த்தினேன்.
பனி. கொடி உள்ளே போய்விட்டது.

நாளைக்கு வெள்ளெனப் போக வேண்டும்,
மேல்காட்டில் பழம் உதிர்கிறது.